பரண்மேல் வைத்த கப்பல்

1942-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த குரூவர் என்ற நிறுவனம் கறுப்பு நிறத்தில் சிறு விமானங்களை வார்த்துக்கொண்டிருந்தது. அவை பொம்மைகள் அல்ல. வானத்தில் வருவது சொந்த விமானமா, எதிரி விமானமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லப் படைவீரர்களைப் பழக்குவதற்கானவை. நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு. பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், 720 மீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். இன்று சேகரிப்பாளர்களிடம் எஞ்சியிருப்பவற்றில் பல கோணிக் கிடக்கின்றன. இறக்கை தொங்குகிறது, வால் திருகியிருக்கிறது. செல்லுலோஸ் அசிட்டேட் என்ற அந்தக் கால பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சும். தன்னை வளைந்துகொடுக்க வைக்கும் ரசாயனத்தைக் காலப்போக்கில் இழக்கும். வெக்கையான பரணிலும் கிடங்கிலும் கிடந்தவை இந்தக் கதிக்கு ஆளாயின.

இன்று கடையில் வாங்கி, பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் மாடல் கிட்டுகளில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன். அது தண்ணீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால்தான் நன்றாக இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் ஒழிய, வீட்டில் மாடல் உருகிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் உருகாமலே கெடுவதற்கும் வழி உண்டு. தகரக் கூரைக்கு அடியில் கோடை முழுக்கக் கிடந்தால் நீண்ட இறக்கையோ மெல்லிய பாய்மரக் கம்பமோ தன் எடை தாளாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். வளைத்து, இழுத்துப் பிடித்து ஒட்டிய பாகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், மாடல் ஒரே பொருளால் ஆனதல்ல என்பது. டைட்டானிக்கை எடுத்துக்கொள்வோம். 269 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலை 350-ல் ஒரு பங்கில் கட்டினால் சுமார் 77 செ.மீ. வரும். காலையில் 25 டிகிரி, பிற்பகலில் 45 டிகிரி என்று அறை மாறினால் அந்த பிளாஸ்டிக் உடல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். அதன்மேல் ஒட்டியிருக்கும் பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள், அதே நீளத்துக்கு, 0.3 மி.மீ. மட்டுமே நீளும். நடுவில் மாட்டிக்கொள்வது சூப்பர் குளூ. அது கெட்டியான, ஆனால் நெகிழாத பசை. தினம் ஒரு முறை இப்படி இழுபட்டால் என்றாவது ஒரு நாள் விட்டுப்போகும். பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டிய மூட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே இரண்டு பாகமும் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன.

அதனால் ஏசி இல்லையே என்று வருந்துவோருக்கு நான் சொல்வது இதுதான்: குளிர்ச்சியைத் தேடாதீர்கள், மாற்றம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். பகலும் இரவும் 33 டிகிரியை ஒட்டியே நிற்கும் நடு அறை அலமாரி, மொட்டை மாடி அறையைவிட எவ்வளவோ மேல். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையைவிடவும் மேல் என்பேன். அங்கே வெப்பமும் ஈரப்பதமும் தினமும் ஏறி இறங்குகின்றன. மேல்தளத்து வீடுகளில் கூரையை ஒட்டிய பரணைத் தவிர்த்துவிட வேண்டும். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும்.

கார், பீரங்கி வண்டி மாடல்களுக்கு ஓர் எதிரி உள்ளேயே இருக்கிறது. அவற்றின் மெத்தென்ற டயரும் சங்கிலிப் பட்டையும் பெரும்பாலும் பி.வி.சி. அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தைக் கரைக்கும். சூடு கூடக்கூடக் கசிவும் கூடும். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் டயர் சக்கரத்துக்குள் புதைந்திருக்கும். சேர்க்கும்போதே இரண்டுக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிவிடுவது நல்ல தடுப்பு.

மாடலை வைக்கும் பெட்டிக்கு வருவோம். தூசிக்குப் பயந்து காற்றுப் புகாமல் மூடுவோர் பலர். மரக் கப்பல்களுக்கு அதுவே வினையாகிவிடுவதைக் கடல்சார் அருங்காட்சியகங்கள் பட்டறிந்திருக்கின்றன. மரம், குறிப்பாக ஓக்கும் ஒட்டுப்பலகையும், அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி, ஈயத்தில் வார்த்த குட்டி பீரங்கிகளையும் நங்கூரங்களையும் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். அந்தப் பொடி நஞ்சு. வாயால் ஊதக் கூடாது. கண்ணாடிப் பெட்டியைச் சிலிக்கான் பசையால் ஒட்டினால், புளித்த வாடை முழுவதும் போன பிறகே மாடலை உள்ளே வைக்க வேண்டும். அந்த வாடையும் அதே அமிலம்தான். பெட்டியின் அடியில் இரண்டு சிறு துளை போட்டு, மெல்லிய வலைத்துணியால் மூடினால் காற்று வரும், தூசி வராது.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சைக்கு அது போதும். துளையிட்ட பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுப் பயனில்லை. வெளிக்காற்றின் ஈரத்தையே அது உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஈயமும் மரமும் இல்லாத பிளாஸ்டிக் மாடலை இறுக மூடும் டப்பாவில் வைப்பவர்களுக்கே அது உதவும். மரக் கப்பலை அளவுக்கு மீறி உலர்த்தினால் பலகைகள் பிளக்கும்.

பூச்சிக்குப் பயந்து பீரோவில் போடுவதுபோல் மாடல் பெட்டியிலும் பாச்சை உருண்டை போடும் வழக்கம் இருக்கிறது. கூடவே கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பூசிய வண்ணம் பிசுபிசுத்துப் போவதைப் பார்க்க மனம் தாங்காது. பொதிந்து வைப்பதற்குப் பஞ்சு மாதிரியான ஸ்பாஞ்சும் ஆகாது; நம் ஈரக்காற்றில் அது ஒட்டும் தூளாக உதிர்ந்து மாடல்மேல் படியும். குமிழ்த் தாள் நேரடியாகப் பட்டால் வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். அமிலமில்லாத மெல்லிய வெள்ளைத் தாளை முதலில் சுற்றிவிட்டு, மற்றதெல்லாம் அதற்கு மேலே.

பங்குனிக் கடைசியில், வெயில் முற்றுமுன் ஒரு முறையும், கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஒரு முறையும் பெட்டியைத் திறந்து பாருங்கள். டயரை விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் அன்றே கழற்றிவிடுங்கள். சக்கரத்தைக் காப்பாற்ற அதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம். டயரை வேறு வாங்கிக்கொள்ளலாம்.