டோம்பிவிலி தந்த மலை எண்!

தாராவியில் இருப்பவர்கள் சயானில் கல்யாண் ரெயிலைப் பிடித்தால், தானேயையும் திவாவையும் கடந்து டோம்பிவிலி போய்ச் சேரலாம். அந்த நிலையத்தின் நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கணித நூல்களில் அதற்கு வேறொரு பெருமை உண்டு. ஒருவகை எண்களுக்கு அந்த நிலையத்தின் பெயரே சூட்டப்பட்டு இருக்கிறது!

"டெம்லோ எண்கள்" என்பது அவற்றின் பெயர். சூட்டியவர், தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905-ல் தகானுவில் பிறந்தவர். பம்பாயில் இருந்து 30 மைல் தொலைவில், அன்றைய ஜி.ஐ.பி. ரெயில்வேயைச் சேர்ந்த இந்த நிலையத்தில்தான், இப்படிப்பட்ட எண்களை ஆராயும் எண்ணம் அவருக்கு உதித்ததாம்.

ஏறி இறங்கும் எண்

11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. இப்படியே ஒன்பது ஒன்றுகள் வரை போனால் கிடைப்பது:

12345678987654321

மொத்தம் 17 இலக்கம். 123 கோடி கோடிக்கும் மேல்! ஒன்றில் தொடங்கி ஒன்பது வரை மலை ஏறி, மறுபடியும் ஒன்றுக்கே இறங்கி வருகிறது.

பார்வைக்கு மட்டும்தான் அழகு என்று நினைக்க வேண்டாம். நடுவில் உள்ள 9-ஐ விட்டுவிட்டு, இடப்பக்கத்து 12345678-ஐயும் வலப்பக்கத்து 87654321-ஐயும் கூட்டிப் பாருங்கள். 99999999 வரும். எல்லாமே நடுவில் நிற்கும் அதே 9! இதுதான் டெம்லோ எண்ணின் அடையாளம். சின்ன எண்ணிலும் இதைக் காணலாம். 165-ல் 1-ம் 5-ம் சேர்ந்தால், நடுவில் உள்ள 6.

இன்னும் ஒன்று. அந்தப் பெரிய எண்ணின் 17 இலக்கங்களையும் கூட்டினால் 81. அதே 81-ஆல் அந்த எண் மீதி இல்லாமல் வகுபடும். இப்படி இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு "ஹர்ஷத்", அதாவது மகிழ்ச்சி தருவது, என்று பெயர் வைத்தவரும் காப்ரேகரே.

பத்தாவதாக ஒரு ஒன்றைச் சேர்த்துப் பெருக்கினால்? மலை இடிந்துவிடும்! விடை 1234567900987654321. நடுவில் கூட்டும்போது 10 வந்து, அதில் உள்ள 1 இடப்பக்கம் தாவிவிடுவதே காரணம்.

சென்னையில் அரங்கேறிய 6174

காப்ரேகர் பேராசிரியர் அல்ல. நாசிக் அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியர். கல்லூரிப் பட்டம் பெற்றவர். அதற்கு மேல் படிக்கவில்லை. அவர் செய்வது வெறும் விளையாட்டு என்று கணித அறிஞர்கள் பலர் ஒதுக்கினார்கள். அவரோ விடவில்லை. பல கண்டுபிடிப்புகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்.

அவருக்குப் புகழ் தேடித்தந்த 6174 என்ற எண்ணை அவர் அறிவித்தது நம் சென்னையில்தான். 1949-ல் நடந்த கணித மாநாடு அது. எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதினால் 9741. ஏறு வரிசையில் 1479. கழித்தால் 8262. அதையும் அப்படியே மாற்றி எழுதிக் கழியுங்கள். ஐந்தாவது கழித்தலில் 6174 வந்து நிற்கும். எந்த எண்ணாக இருந்தாலும் ஏழு முறைக்கு மேல் போகாது!

ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் போதாமல், டியூஷன் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார் காப்ரேகர். 1975 மார்ச்சில், மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் "சயன்டிபிக் அமெரிக்கன்" ஏட்டில் அவரைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது காப்ரேகருக்கு வயது 70. 1986-ல் தேவ்லாலியில் காலமானார்.