தண்ணீருக்குள் அடிக்கும் அலாரம்

கைக்கடிகாரத்துக்குள் தண்ணீர் புகக் கூடாது என்றால் அதை இறுக்கி மூட வேண்டும். அப்படி இறுக்கி மூடினால் உள்ளே அடிக்கும் அலாரம் வெளியே கேட்காது. இந்தச் சிக்கலோடு சுவிஸ் கடிகாரக்காரர்கள் 1950களின் கடைசியில் மல்லுக்கட்டினார்கள். அதில் பிறந்ததுதான் முக்குளிப்பவர்களுக்கான அலாரம் வாட்ச். பேட்டரி கிடையாது, வெறும் சுருள்வில்லும் பற்சக்கரமும்தான்.

கடலுக்குள் எதற்கு அலாரம்? சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி 30 மீட்டர் இறங்கினால், அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரையும். அளவுக்கு மீறித் தங்கிவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலியில் தொடங்கி உடல் செயலிழப்பு, மரணம் வரை கொண்டுபோகும். ஆகவே நேரக் கணக்கு உயிர்க் கணக்கு. அதற்கென்று சுழலும் வளையம் வைத்த வாட்ச்கள் 1953 முதலே இருந்தன. ஆனால் அதை நாமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆழத்தில் இதே நைட்ரஜன் சாராயம் குடித்தாற்போல் ஒரு மயக்கத்தையும் தரும். நேரத்தைப் பார்க்க வேண்டியவருக்கு அந்த நினைப்பே வராது. அவர் பார்க்காவிட்டாலும் மணிக்கட்டில் தட்டிச் சொல்ல ஒன்று தேவைப்பட்டது.

இதற்கு முன்னோடி, வல்கெய்ன் நிறுவனம் 1947இல் வெளியிட்ட 'கிரிக்கெட்'. ஆட்டத்தின் பெயரல்ல, சுவரிடுக்கில் கத்தும் சுவர்க்கோழியின் பெயர். இத்தனூண்டு பூச்சியின் சத்தம் அவ்வளவு தூரம் கேட்கும்போது வாட்சின் சத்தம் ஏன் கேட்காது என்று நிறுவனத்தாருக்கு யோசனை சொன்னவர் பிரெஞ்சு இயற்பியலர் பால் லாஞ்செவன் என்பார்கள். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க மீயொலியைப் பயன்படுத்தும் வழியை வகுத்தவர் அவர். பின்னாளில் இந்த வாட்சும் கடலுக்குள் போனது பொருத்தம்தான்.

உள்ளே இரண்டு சுருள்வில்கள். ஒன்று முள்ளை ஓட்டும், மற்றது அலாரத்துக்கு மட்டும். குறித்த நேரம் வந்ததும் ஒரு சக்கரத்தின் புடைப்பு இன்னொன்றின் பள்ளத்தில் விழும். அதுவரை தடுத்து வைத்திருந்த நெம்புகோல் விலகும். உடனே ஒரு சின்னஞ்சிறு சுத்தியல் படபடவென்று அடிக்கத் தொடங்கும். அது அடிப்பது மெல்லிய உலோகச் சவ்வில் பொருத்திய ஓர் ஊசியை. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி, சவ்வுக்குப் பின்னால் துளையிட்ட இரண்டாவது மூடி ஒலியைப் பெருக்கி வெளியே விடும். அரை நிமிடம்கூட நீடிக்காது. ஆனால் மேசைமேல் கழற்றி வைத்தால் பக்கத்து அறைக்காரரும் எழுந்துவிடுவார்.

வல்கெய்ன் இதையே 1961இல் 'நாட்டிகல்' என்று கடலுக்குக் கொண்டுபோனது. முகப்பின் நடுவிலேயே, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணை. உருவாக்கத்தில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஹான்னஸ் கெல்லர் என்ற சுவிஸ் கணித ஆர்வலர். அதே ஆண்டு மாஜோரே ஏரியில் 222 மீட்டர் இறங்கிக் காட்டியவர். அவருக்குத் துணை நின்று வாயுக் கலவையையும் ஏறும் நேரத்தையும் கணக்கிட்டவர் சூரிச் மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மான். முக்குளிப்பவர்கள் இன்று பயன்படுத்தும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குள் ஓடுவது ப்யூல்மானின் கணக்குதான். அலாரம் வாட்சை வேலையிலிருந்து அனுப்பியது, அது பிறந்த வட்டத்திலேயே வளர்ந்த கணிதம்!

போட்டி நிறுவனமான ஜெஜே லெகூல்த்ர் 1959இல் 'டீப் சீ'யையும், 1960களில் 'போலாரிஸ்'ஸையும் கொண்டுவந்தது. போலாரிஸின் வெளி மூடியில் 16 துளைகள். பார்ப்பவர்களுக்குப் பகீரென்றிருக்கும். ஆனால் தண்ணீரைத் தடுக்கும் மூடி அதற்கும் உள்ளே இருக்கிறது. மணிக்கட்டோ ரப்பர் உடையோ அழுத்தி ஒலியை அமுக்கிவிடாமல் இருக்கத்தான் அந்தத் துளைகள். வலப்பக்கம் மூன்று திருகுகள்: நேரத்துக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, உள்ளே சுழலும் வளையத்துக்கு ஒன்று. ஒவ்வொரு திருகும் தண்ணீர் நுழைய ஒரு வழி என்பதால், கூட்டக் கூட்டப் பொறியாளருக்குத் தலைவலி.

உள்ளதைச் சொன்னால், கருவியாக இது அரைகுறைதான். அலாரத்தை வைப்பது, ஒரு முழுச் சுற்று பன்னிரண்டு மணி நேரத்தைக் காட்டும் குறியை நகர்த்தி. இரண்டு மூன்று நிமிடம் முன்பின்னாகத்தான் அடிக்கும். ஆழத்தில் அந்த மூன்று நிமிடம் பெரிய விஷயம். 1983இல் 'ஆர்கா எட்ஜ்' போன்ற மின்னணுக் கருவி வந்து ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிட ஆரம்பித்தபின் போட்டியே இல்லை.

ஆனாலும் 2018இல் போலாரிஸை 1,000 மட்டும் மறுபடி செய்தார்கள். வல்கெய்னும் நாட்டிகலை மீண்டும் செய்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதோடு நீச்சல் குளத்தில்கூட இறங்கமாட்டார்கள். புத்தம்புது முட்களில் பழுப்பேறியதுபோல் வண்ணம் பூசி விற்பது எனக்குப் பிடிக்காது. முதுமையை இரவல் வாங்குவது அது. ஆனால் அந்தப் படபடப்பு இரவல் இல்லை. கைபேசியின் அதிர்வு யாரோ எழுதிய கட்டளை. இதிலோ, காலையில் நம் விரல் முறுக்கிய வில் மாலையில் அவிழ்ந்து எலும்பில் தட்டுகிறது. வேறு எந்த வாட்சும் தன் இயந்திரத்தை இவ்வளவு நேராகத் தோலுக்குச் சொல்வதில்லை.

வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம். பழைய வாட்சைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப் போயிருக்கும். தானியங்கி வகைகளிலும், கையை ஆட்டினால் ஏறுவது நேரத்துக்கான வில் மட்டும்தான். அலாரத்துக்குத் தனியாகச் சாவி கொடுக்க வேண்டும். பழுது என்று கடைக்கு எடுத்துப்போகும் முன் அதைக் கொடுத்துப் பாருங்கள்.