தலையிழந்த தெய்வம்

தெய்வத்தோடு போர் தொடுத்தோர் கதைகள் பல நாடுகளிலும் உண்டு. அத்தகைய போர் எவ்வாறு முடிதல் வேண்டும் என்பதற்கு யப்பானியச் சித்திரப்படம் ஒன்று புதுமையான விடை தருகின்றது. 1997 ஆம் ஆண்டில் ஹயாவோ மியாசாக்கி ஆக்கிய ‘மொனொனொகே இளவரசி’யே அப்படமாகும்.

அதில் வரும் காட்டுத் தெய்வம் பகலில் மனித முகம் வாய்ந்த கலைமான். இரவிலோ மலைகளுக்கு மேல் நிமிர்ந்து நடக்கும் பேருரு. அது உருமாறும் வேளையில், இரும்பாலைத் தலைவி எபோஷி அதன் தலையைச் சுட்டு வீழ்த்துகின்றாள். சாவாமை தரும் என நம்பிய பேரரசருக்காக அத்தலை கவரப்படுகின்றது. தலையற்ற உடலிலிருந்து பெருகிய நீர்மம் தொட்ட உயிர்களையெல்லாம் மாய்க்கின்றது. காடும் அழிகின்றது, இரும்பாலையும் அழிகின்றது.

அஷிடாக்கா என்னும் இளைஞனும், ஓநாய்த் தெய்வம் வளர்த்த சான் என்னும் நங்கையும் அப்பேருருவின் மீது படைக்கலம் ஏவவில்லை. கவர்ந்த தலையை மீட்டு, இருவருமாக ஏந்தி உயர்த்தி, உரிய தெய்வத்திடமே ஒப்படைக்கின்றனர். காலைக்கதிர் படவும் தெய்வம் சாய்கின்றது. வெறுமையான மலைகளிற் பசுமை அரும்புகின்றது.

ஆயினும் இழப்பு முற்றும் ஈடாகவில்லை. மரங்கள் மீண்டும் வளரினும் அது பழைய தெய்வத்தின் காடன்று என்கின்றாள் சான். அவள் காட்டிலும், அவன் மீண்டெழும் இரும்பாலையிலுமாகப் பிரிந்து வாழ்கின்றனர்.