பாதி வழியில் ரயில் ஏறலாம்... கோர்சிகா மலைப்பாதையின் சவால்!

பிரான்ஸின் கோர்சிகா தீவு மத்திய தரைக்கடலில் இருக்கிறது. இங்கு வருபவர்களில் பலரும் தேடுவது கடற்கரையைத்தான். முதுகில் மூட்டையோடு நேராக மலைக்குப் போகும் கூட்டமும் ஒன்று உண்டு. அவர்களின் இலக்கு, 'ஜி.ஆர்.20' நடைபாதை.

வடக்கே கலென்சானாவில் தொடங்கி, தெற்கே கோன்காவில் முடிகிறது. தூரம் சுமார் 180 கி.மீ. முழுதாக நடக்க 15, 16 நாள்கள் ஆகும். 'இதற்கு இத்தனை நாளா?' என்று தோன்றும். நடை என்பது பெயருக்குத்தான். பல இடங்களில் கையையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும். வழிகாட்ட, பாறைகளில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள். அடுத்த கோடு கண்ணில் படவில்லையா? கடைசியாகப் பார்த்த கோட்டுக்கே திரும்பிவிடுவது நல்லது.

இரவில் தங்க மலைக்குடில்கள் உண்டு. நினைத்த இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை. விடிவதற்கு முன்பே பலர் கிளம்பிவிடுகிறார்கள். வெயில் மட்டுமே காரணமல்ல. கோடையில் பிற்பகலில் திரளும் இடிமழைதான் பெரிய பயம். 2015 ஜூனில், 'சிர்க் த லா சொலித்யூட்' என்ற செங்குத்தான பள்ளத்தில், மழையின்போது பாறைகள் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதன்பின் பாதையையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம்தான் லீவா? ஏறக்குறைய நடுவழியில் இருக்கும் விசவோனாவில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி, ஓரளவு எளிதான தெற்குப் பாதியை மட்டும் நடக்கலாம். வடக்கில் ஆரம்பித்து, முட்டி வலியோடு இங்கே நடையை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ரயில் போகும் அஜாக்சியோ, நெப்போலியன் பிறந்த ஊர். கால் நீட்டிப் படுக்கக் கடற்கரையும் இருக்கிறது.