விருந்தாளி பில்லில் வாழும் ஊர்!

வருஷத்துக்கு நாலு அங்குலம் மழை. சுற்றிலும் பாலைவனம். கடல் இல்லை, கோயில் இல்லை, கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. கோடையில் வெயில் சர்வ சாதாரணமாக 110 டிகிரியைத் தாண்டும். இப்படி ஒரு ஊருக்கு 'டூர் வாங்களேன்' என்று யாராவது கூப்பிட்டால் போவீர்களா?

2019-ல் நாலே கால் கோடிப் பேர் போனார்கள்! ஊரின் பெயர் லாஸ் வேகாஸ். அமெரிக்காவின் நெவாடா மாநிலம்.

"அதான் சூதாட்டம் இருக்கே சார்" என்பீர்கள். வாஸ்தவம். 1931-லேயே அங்கே அதைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள். ஆனால் இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதாவது ஒரு வகை சூதாட்டம் உண்டு. அவையெல்லாம் லாஸ் வேகாஸ் ஆகிவிடவில்லையே! சீட்டும் சக்கரமும் மட்டும் கூட்டத்தைக் கொண்டு வராது. கூப்பிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தை யார் தருவது? இதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஈயோட்டம்

1950-களில் அங்கே வரிசையாக ஓட்டல்கள் முளைத்தன. சனி, ஞாயிறு என்றால் தெற்கு கலிபோர்னியாவிலிருந்து கார் கார்களாக வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமை காலையில் அத்தனை பேரும் மாயம்! செவ்வாய், புதன் இரண்டு நாளும் வரவேற்பறையில் ஈயோட்டம். அறை காலியாகக் கிடந்தாலும் வேலைக்காரர் சம்பளமும் கரண்ட் பில்லும் நிற்குமா? நேற்று ராத்திரி காலியாக இருந்த அறையை எடுத்து வைத்து இன்றைக்கு விற்கவும் முடியாது. கத்திரிக்காயாவது மறுநாள் வரை தாங்கும்!

வாரத்தின் நடுவில் வரக்கூடியவர்கள் யார்? கம்பெனி செலவில் மாநாட்டுக்கு வருகிறவர்கள். சரி, ஒரு மாநாட்டு மண்டபம் கட்டலாம். ஆனால் எந்த ஓட்டல்காரர் கட்டுவார்? ஒருவர் காசு போட்டுக் கட்டினால் பக்கத்து ஓட்டலும் சேர்ந்து நிரம்பும். செலவு ஒருத்தருக்கு, லாபம் ஊருக்கே என்றால் முதலில் கையை நீட்ட யாருக்கும் மனசு வராது.

அதனால் 1955-ல் இதற்கென்றே ஓர் அரசு வாரியம் பிறந்தது. இன்றைய பெயர் லாஸ் வேகாஸ் கன்வென்ஷன் அண்ட் விசிட்டர்ஸ் அத்தாரிட்டி. படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. நாம் 'ஆணையம்' என்றே வைத்துக் கொள்வோம். 1959-ல் மண்டபம் திறந்தது. இன்று ஜனவரி தோறும் அங்கே நடக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி ஒன்றுக்கே லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

உள்ளூர்க்காரன் பையில் கை வைக்காத வரி

மண்டபத்துக்கும் விளம்பரத்துக்கும் பணம் ஓட்டல் அறை வரியிலிருந்து வருகிறது. பெரிய ஓட்டல்கள் இருக்கும் 'ஸ்ட்ரிப்' சாலையில் 100 டாலருக்கு அறை எடுத்தால், 2017 முதல் அதன் மேல் 13 டாலர் 38 சென்ட் வரி. கொடுப்பவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் பையில் யாரும் கை வைக்கவில்லை. அரசியல்வாதிக்கு இதைவிட இனிப்பான வரி உண்டா? கட்டுகிறவருக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது!

இந்தப் பதின்மூன்று சொச்சமும் ஆணையத்துக்கே போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பெரிய பந்தி அது. பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பங்கு, சாலைகளுக்கு ஒரு பங்கு, மாநில அரசுக்கு ஒரு பங்கு. 12 சதவிகிதமாக இருந்த வரியை 13.38 ஆக உயர்த்தியதற்கு 2016-ல் போட்ட சட்டம்தான் காரணம். அதில் 0.88 புதிய கால்பந்து ஸ்டேடியத்துக்கு, 0.5 மாநாட்டு மண்டப விரிவாக்கத்துக்கு. ஸ்டேடியத்துக்கு மட்டும் இந்த வழியில் 75 கோடி டாலர் பொதுப்பணம்! ஏற்கெனவே பணக்காரர்களான டீம் முதலாளிகளுக்கு இவ்வளவு எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். 'நம்ம காசு இல்லியே, டூரிஸ்ட் காசுதானே' என்பதுதான் பதிலாக வந்தது.

இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. டூரிஸ்ட் கட்டினாலும் கஜானாவுக்கு வந்த பிறகு அது ஊர்ப்பணம். ஸ்டேடியத்துக்குப் போன டாலர் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கலாம். கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், வந்த பணத்தை 'இலவசம்' என்ற தலைப்பில் வரவு வைக்க மாட்டார்கள்.

அணுகுண்டையே விற்றவர்கள்

விளம்பரத்தில் அவர்கள் கில்லாடிகள். 1951-ல் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி அமெரிக்க அரசு அணுகுண்டு சோதனை ஆரம்பித்தது. வேறு ஊராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். லாஸ் வேகாஸ் வர்த்தகர்களோ, எந்த நேரத்தில் எங்கே நின்றால் குண்டு வெடிப்பது தெரியும் என்று பயணிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1957-ல் ஒரு நடன மங்கைக்குக் காளான் மேகம் போல உடை மாட்டி எடுத்த போட்டோ உலகம் சுற்றியது. எடுத்தது ஊரின் செய்திப் பிரிவு. அந்தப் பிரிவு பின்னாளில் ஆணையத்தின் கைக்கு வந்தது. கதிர்வீச்சின் விலை பிறகுதான் தெரிந்தது. சோதனைக் களத்துக்குக் காற்று வீசும் திசையில் வாழ்ந்தவர்களில் புற்றுநோய் கண்டவர்களுக்கு 1990-ல் அமெரிக்க அரசு தனிச் சட்டம் போட்டு நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. கூட்டம் சேர்க்கிற அவசரத்தில் எதைத்தான் விற்பது என்ற கேள்விக்கு இது ஒரு பாடம்.

2003-ல் வந்தது புகழ்பெற்ற அந்த வாசகம். 'இங்கே நடப்பது இங்கேயே இருக்கும்' என்று அர்த்தம். ஆர் அண்ட் ஆர் பார்ட்னர்ஸ் என்ற விளம்பர நிறுவனம் தயாரித்தது. நாலைந்து வார்த்தையில் ஊரையே விற்றுவிட்டார்கள். சினிமாவில், டிவியில், மேடை ஜோக்கில் எல்லாம் அது புகுந்தது.

கூடவே ஒரு கூத்து. பொதுப்பணத்தில் வளர்ந்த அந்த வாசகத்தின் டிரேட்மார்க் உரிமையை 2004-ல் அதே விளம்பர நிறுவனத்துக்கு ஆணையம் எழுதிக் கொடுத்தது. விலை? ஒரே ஒரு டாலர்! வாசகத்தைத் திருடுபவர்கள் மேல் வழக்குப் போட வசதி என்று காரணம் சொன்னார்கள். ஊர் சும்மா இருக்குமா? கேள்வி மேல் கேள்வி கிளம்பிற்று.

கிஃப்ட் கார்டு கதை

ஆணையத்தின் குழுவில் 14 பேர். எட்டுப் பேர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள், ஆறு பேர் ஓட்டல், வர்த்தகத் துறையினர். வரியால் லாபம் அடைபவர்களே வரிப்பணத்துக்குக் காவலும் இருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் 'நம்மாளுதானே' என்று கணக்கைக் கேட்காமல் விடுகிற வியாதியும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆரம்பித்தது. 2017-ல் உள்ளூர்ப் பத்திரிகையான ரிவியூ ஜர்னல் ஆணையத்தின் ரசீதுகளைத் தோண்டியது. விருந்து, மது, பரிசுப்பொருள் என்று பட்டியல் நீண்டது. அடுத்த வருஷம் தணிக்கையில் இன்னொன்று. ஒரு விமானக் கம்பெனியின் கிஃப்ட் கார்டுகள் சில வருஷங்களில் சுமார் 90 ஆயிரம் டாலருக்கு வாங்கப்பட்டிருந்தன. கணக்கில் விளம்பரச் செலவு. நிஜத்தில், தலைமை அதிகாரியே அவற்றில் சுமார் 17 ஆயிரம் டாலரைச் சொந்தப் பயணங்களுக்கு உபயோகித்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கட்டினார். அந்த வருஷமே ஓய்வும் பெற்றார்.

மொத்த பட்ஜெட்டில் 90 ஆயிரம் டாலர் கொசு. ஆனால் கொசுவை விட்டுவிட்டால் மலேரியா! 'விருந்தோம்பல் செலவு' என்ற தலைப்புக்குள் எதையும் நுழைக்கலாம் என்பதுதான் சுற்றுலா வாரியங்களின் பலவீனம். விருந்தாளிக்கு வாங்கிய ஒயினா, வீட்டுக்குப் போன ஒயினா என்று ரசீதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

78 நாள் இருட்டு

2020 மார்ச் 18. கொரோனா. மாநில கவர்னர் உத்தரவில் கேஸினோக்கள் மூடின. இரவும் பகலும் மூடாமலே இருந்து பழகியதால் சில இடங்களில் வாசலுக்குப் பூட்டே இல்லை என்று பேசிக் கொண்டார்கள்! 78 நாள் கழித்து ஜூன் 4-ல்தான் திறந்தன. ஏப்ரலில் அந்த வட்டாரத்தில் வேலையில்லாதவர் விகிதம் 30 சதவிகிதத்தைத் தாண்டியது. அறை துடைத்த பெண்கள், தட்டு ஏந்திய பையன்கள், கார் ஓட்டியவர்கள் எல்லாம் இலவச உணவுக்கு வரிசையில் நின்றார்கள்.

அந்த வருஷம் வந்தவர்கள் ஒரு கோடியே 90 லட்சம் மட்டுமே. அறை இல்லையேல் வரி இல்லை. ஸ்டேடியக் கடன் தவணைக்கு இருப்பு நிதியில் கை வைத்தார்கள். 'டூரிஸ்ட் காசு' என்று சிரித்த ஊர், டூரிஸ்ட் வராவிட்டால் கடன் மட்டும் உள்ளூரிலேயே தங்கும் என்பதைப் பார்த்தது.

மறு வருஷம் ஆணையம் சுமார் 100 கோடி டாலரில் கட்டிய புது மண்டபத்தைத் திறந்தது. கூட்டம் திரும்பியது; 2024-ல் நாலு கோடியைத் தாண்டியது. 2025-ல் மறுபடி சரிவு. பார்க்கிங்குக்குக் காசு, அறை வாடகைக்கு மேல் 'ரிசார்ட் கட்டணம்' என்று தனிக் காசு எனத் தொட்டதற்கெல்லாம் பிடுங்குகிறார்கள் என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கோடிக் கணக்கில் விளம்பரம் செய்து கூப்பிட்டு, வந்த விருந்தாளியைப் பில்லால் அடித்தால் எந்த வாசகம் காப்பாற்றும்?

ஓட்டல் வரியில் சுற்றுலா வளர்க்கும் ஊர்கள் உலகத்தில் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் விஷயம் ஒன்றுதான். பணம் கட்டியவர் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். கணக்குக் கேட்க அவர் திரும்பி வரப் போவதில்லை. அவருக்குப் பதிலாகக் கேட்க உள்ளூரில் ஒரு தணிக்கையாளரும் ஒரு பிடிவாதமான நிருபரும் வேண்டும்.

இல்லையென்றால், அங்கே நடந்தது அங்கேயே இருந்துவிடும்!