அறக்கட்டளையின் கொள்முதலும் கொத்தடிமை முறையும்: காங்கேயம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறப்பணி செய்யும் நிறுவனம் அடிமை உழைப்பிலிருந்து இயல்பாகவே விலகி நிற்கும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாமை, கொங்கு வட்டாரத்தில் அவ்வுழைப்பு அறக்கட்டளையின் பணிகளுக்குள்ளும் கொள்முதலுக்குள்ளும் வந்துசேரும் வழிகள், அதனைத் தடுக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொத்தடிமை, முன்பணம், சுமங்கலித் திட்டம், கொள்முதல், அறக்கட்டளை, காங்கேயம்

முன்னுரை

மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் திருப்பாம்புரக் கல்வெட்டு ஒன்று (கி.பி. 1201), பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு தம்மை 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியைத் தருகிறது. சோழர்கால ஆளடிமை முறையை ஆராய்ந்தோர் இதனைப் பஞ்சத்தின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவர். இங்கு நமக்கு வேண்டுவது அதன் மறுபக்கம். அவர்களை வாங்கியது ஊரின் தலையாய அறநிலையமாகிய கோயில். அம்மூவருக்கும் சோறு கிடைத்திருக்கும். அதன்பின் அவர்களுக்கு விடுதலை இல்லை. உதவியும் அடிமைகொள்ளலும் ஒரே ஆவணத்தில் எழுதப்பட்டன.

காங்கேயம் என்றதும் காளைகளே நினைவுக்கு வரும். 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் உள்ள இவ்வட்டம், தேங்காய் எண்ணெய் ஆலைகள், கொப்பரைக் களங்கள், அரிசி ஆலைகள் ஆகியவற்றாலும் பெயர்பெற்றது. வெள்ளக்கோவில் பக்கம் விசைத்தறிகள், சுற்றிலும் நூற்பாலைகள், மேற்கே பனியன் தொழில். பள்ளி, மருத்துவமனை, அன்னதானம், கோசாலை, முதியோர் இல்லம் என அறப்பணிகளுக்கும் இங்குக் குறைவில்லை. இப்பணிகளுக்கு வேண்டிய அரிசி, எண்ணெய், செங்கல், சீருடை, பனியன் ஆகியன பெரும்பாலும் மேற்கூறிய தொழில்களிலிருந்தே வருகின்றன.

சொல்லும் சட்டமும்

‘நவீன அடிமைமுறை’ என்பது அண்மையில் வந்த மொழிபெயர்ப்புத் தொடர். அதனைவிடக் ‘கொத்தடிமை’ என்னும் பழஞ்சொல்லே இங்குப் பயன்தரும். குடும்பமே கட்டுண்டு கிடக்கும் நிலையை அது சுட்டுகிறது. இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு வன்கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டம், முன்பணத்திற்கு ஈடாக ஒருவர் தம் கூலியையோ, வேறிடம் சென்று வேலை தேடும் உரிமையையோ, நடமாட்ட உரிமையையோ இழப்பதனைக் கொத்தடிமை என வரையறுக்கிறது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது வன்கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. வறுமையும் ஒரு கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

பிரித்தானியாவின 2015-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு வரவு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வணிக நிறுவனங்கள் தம் வழங்கல் தொடர் குறித்து ஆண்டறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. வணிக நடவடிக்கையில் ஈடுபடும் அறநிறுவனங்களும் அதற்குள் அடங்கும். ஆஸ்திரேலியாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லை 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். இவ்வெல்லைகளை நம் வட்டாரத்து அறக்கட்டளை எதுவும் தொடப்போவதில்லை. ஆகவே இவை நமக்கு உரியவை அல்ல என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய வருவாய் எல்லை எதுவும் இல்லை.

முன்பணமும் கடைப்பணமும்

கொங்கு வட்டாரக் கட்டுண்ட உழைப்பு இரண்டு எதிர்த் திசைகளில் இயங்குவது. ஒன்றில் பணம் முதலில் கைமாறுகிறது. மற்றொன்றில் கடைசி வரை கைமாறாமல் இருக்கிறது.

முதல் வகைக்கு நெடிய வரலாறு உண்டு. பண்ணயத்தில் ஆண்டுக்கு ஆள் வைத்துக்கொண்ட முறையும், தந்தை பட்ட கடனுக்காக ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவர்களின் வாழ்வும் நாம் அறிந்தவை. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலின் களம் அதுவே. பண்ணயம் சுருங்கியபின் அம்முறை மறைந்ததா? கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் ஆகியோர் திருப்பூர் வட்டாரச் சிற்றூர்களில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, அது வயலிலிருந்து விசைத்தறிக் கூடத்திற்கு இடம்பெயர்ந்ததைக் காட்டியது. தறி உரிமையாளர் கொடுக்கும் முன்பணம் தீராத பாக்கியாக நிற்கிறது. வேறு தறிக்குப் போக வேண்டுமாயின் புதிய உரிமையாளர் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். ஆள் மாறுவதில்லை, கடன்காரர் மட்டும் மாறுகிறார். செங்கற்சூளையிலும் இதே கணக்குத்தான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவதால், முன்பணம் கழிய வேண்டிக் குழந்தைகளும் மண் மிதிக்கின்றனர்.

இரண்டாவது வகை நூற்பாலைகளில் தோன்றியது. சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் எனப் பலபெயர் பெற்ற அம்முறையில், மணமாகாத இளம்பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்தால் இறுதியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு தொகை தரப்படும் என்று துண்டறிக்கைகள் கூறின. உண்மையில் அத்தொகை அவர்களிடமிருந்தே மாதந்தோறும் பிடித்துவைக்கப்பட்ட கூலி. இடையில் நோயுற்று வெளியேறியவர் அதனை இழந்தார். நெதர்லாந்தின் இரு தன்னார்வ அமைப்புகள் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகளால் உலகச் சந்தை இதனை அறிந்தது. அதன்பின் ‘சுமங்கலி’ என்னும் பெயர் விளம்பரங்களிலிருந்து பெரிதும் மறைந்தது. விடுதி வாழ்க்கை மறையவில்லை. தாலியின் மங்கலத்தைக் கூலிப் பிடித்தத்திற்குப் பெயராகச் சூட்டியவர் மொழியின் வலிமையை நன்கறிந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

இவ்விரு வகைகளிலும் பூட்டோ காவலோ முதன்மையானதன்று. பணம் கொடுக்கப்படும் காலமே கட்டாக அமைகிறது. எனவே தணிக்கையாளர் கேட்கும் வருகைப்பதிவேடு, வயதுச் சான்று, கையொப்பமிட்ட கூலிச்சீட்டு ஆகிய மூன்றும் சரியாக இருந்தும் ஒருவர் கட்டுண்டிருக்கக் கூடும். வழங்குநரிடம் அறக்கட்டளை கேட்க வேண்டிய முதற்கேள்வி, வேலைக்கு வருமுன் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது. அடுத்தது, இன்றே ஒருவர் விலகினால் அவருக்குச் சேர வேண்டியது எப்பொழுது கிடைக்கும் என்பது.

நிறுவனத்தின் உள்ளே

கொள்முதலுக்கு முன் சொந்த வளாகத்தைப் பார்ப்பது முறை. துப்புரவு, காவல், சமையல் ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டால் பொறுப்பும் அவரைச் சேர்ந்துவிடும் எனப் பல நிருவாகிகள் கருதுகின்றனர். ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. வளாகத்தில் குடியிருக்கும் காவலாளிக்கு மகள் திருமணத்திற்குக் கடன் கொடுத்து, அது தீரும்வரை அவர் வெளியேறக் கூடாது என்று வைப்பது பரிவுபோல் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அது முன்பணமே.

இதைவிடச் சிக்கலானது ‘சேவை’ என்னும் சொல். இல்லத்தில் வாழும் ஆதரவற்றோர் சமையலிலும் மாட்டுத்தொழுவத்திலும் உழைப்பது சேவையா, வேலையா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கை இரண்டை அளவுகோலாக வைக்கிறது: தண்டனை அச்சம், விருப்பமின்மை. மறுத்தால் தங்குமிடம் போகும் என்னும் நிலையில் இருப்பவரின் இசைவை விருப்பம் எனக் கொள்ள இயலாது. இளம்பெண்களுக்குத் தொழிற்பயிற்சி தந்து ஆலைகளுக்கு அனுப்பும் அறக்கட்டளை, தன்னை அறியாமலே ஆள்சேர்ப்பவராகிவிடும் இடரும் உண்டு. அனுப்பியபின் அப்பெண்களோடு தொடர்பு அறுபடாமல் இருப்பதும், அவர்கள் கைப்பேசி வைத்துக்கொள்ளவும் வார விடுப்பில் வெளியே வரவும் முடிகிறதா எனக் கேட்பதும் அனுப்பியவரின் கடமை.

வாங்குவோரின் பங்கு

குருதிக்கொடை முகாமிற்கு இரண்டாயிரம் பனியன் வேண்டும், பத்து நாளில் வேண்டும், மிகக் குறைந்த விலைப்புள்ளி தந்தவருக்கே ஆணை என வைத்துக்கொள்வோம். தைப்பவர் கூலி ஓரளவு ஊரறிந்தது. அதில் குறைக்க இடம் சிறிது. நூல், துணி, சாயம் எனப் பின்னோக்கிச் செல்லச் செல்ல விலைக்குறைப்பு எங்கே நிகழ்ந்தது என்பது மறைகிறது. ஆதலால் விலைப்புள்ளியோடு நூல் எந்த ஆலையினது என்பதையும் எழுதிக் கேட்பதும், காலக்கெடுவை நீட்டுவதும், குறைந்தபட்சக் கூலிக்குக் கட்டுப்படாத விலையை மறுப்பதும் வாங்குவோர் கையிலேயே உள்ளன.

நம் வட்டாரத்திற்கே உரிய தடை ஒன்றுண்டு. ஆலை உரிமையாளரே இங்கு அறங்காவலராகவும் பெருங்கொடையாளராகவும் இருப்பது இயல்பு. அரிசியும் எண்ணெயும் துணியும் அவரிடமிருந்தே வருகின்றன. கணக்காளர் ஒருவர் அவரிடம் தொழிலாளர் கணக்கைக் கேட்பது எளிதன்று. அறங்காவலர் தமக்கு உறவுள்ள வழங்குநரைப் பற்றிய முடிவில் பங்கேற்காமையும், அக்கொள்முதலைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் ஆராய்வதும் எழுதப்பட்ட விதியாக இருந்தாலன்றி, மற்ற விதிகள் ஏட்டளவில் நின்றுவிடும். தொழிலாளர் தாமே பேசும் வழியும் வேண்டும். அண்டை மாவட்டத்தில் 2022-இல் ஏற்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம், ஆலைக்குள் பாலியல் வன்முறையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் நிறுவனமும் செய்துகொண்டது. பயிற்சி பெற்ற பெண் தொழிலாளரே அதில் கண்காணிப்போர். வெளித் தணிக்கையர் ஒருநாள் வருகையில் காண முடியாததை உடன் வேலை செய்பவர் காண்கிறார்.

கண்டறிந்தபின்

சூளையிலோ தறியிலோ ஒரு குடும்பம் கட்டுண்டிருப்பது தெரியவந்தால், அறக்கட்டளைக்கு முதலில் தோன்றுவது பாக்கியைத் தானே கட்டி மீட்பது. நல்லெண்ணத்தில் பிறக்கும் இச்செயலே பெரும்பிழை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்கடன் ஏற்கெனவே அழிந்துவிட்டது. அழிந்த கடனுக்குப் பணம் பெறும் உரிமையாளர் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியவர். அத்தொகையைக் கொடுப்பது குற்றத்திற்கு விலை தருவதாகும். அப்பணத்தில் அடுத்த குடும்பத்திற்கு முன்பணம் போகும். கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் சுமையையும் சட்டம் கடன் கொடுத்தவர் மேலேயே வைத்துள்ளது.

ஆணையை உடனே நிறுத்திவிட்டுக் கைகழுவுவதும் தீர்வாகாது. வேலையிழப்பு தொழிலாளரையே தாக்கும். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்தில் முறையிட்டு, விசாரணைக்குப்பின் விடுதலைச் சான்று பெறச்செய்வதே வழி. அரசின் மறுவாழ்வு உதவி அச்சான்றைச் சார்ந்தது. சான்று கிடைக்கும்வரை அக்குடும்பத்திற்கு வேண்டிய அரிசியும் தங்குமிடமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தர அறக்கட்டளையால் இயலும். அதற்கு ஈடாக எந்த வேலையும் அவர்களிடம் கேட்கக் கூடாது.