கொம்பனித்தெருவிலிருந்து கித்துல்கல வரை: களனிக் கரையோரம் ஒரு சைக்கிள் வழி

கொழும்பில் கொம்பனித்தெருவைத் தொட்டுக் கிடக்கும் பேர வாவிக்கும் களனி ஆற்றுக்கும் இடையே ஒரு காலத்தில் படகுப் போக்குவரத்து இருந்தது. மலைநாட்டுச் சரக்கை ஏற்றிய தட்டைப் படகுகள் ஆற்றோடு இறங்கி, சென் செபஸ்தியன் கால்வாய் வழியாக வாவிக்குள் நுழைந்து, கரையோரக் களஞ்சியங்களில் பாரம் இறக்கின. அந்தக் களஞ்சியங்கள் நின்ற பக்கமெல்லாம் இப்போது அடுக்குமாடிகள். ஆனால் சரக்கு இறங்கி வந்த பள்ளத்தாக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. படகு வந்த வழியில் மேடு இருக்காது. சைக்கிள் மிதிப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது கொழும்பு சைக்கிளுக்குத் திரும்பியது. காரியாலயத்துக்குக் கழுத்துப்பட்டியோடு மிதித்துப் போனவர்களைப் பார்த்தோம். எரிபொருள் வந்ததும் அந்தச் சைக்கிள்களில் பல மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிவிட்டன. அவற்றுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு ஞாயிறு விடியலில் கிழக்கே திருப்புங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வழி எளிது. மருதானை, தெமட்டகொட, ஒருகொடவத்தை கடந்து வெல்லம்பிட்டியில் லோ லெவல் வீதியைப் பிடிக்க வேண்டும். ஹை லெவல் வீதியில் நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை என்று நெரிசல் விடாமல் தொடரும், அது வேண்டாம். லோ லெவல் வீதியிலும் முதல் பகுதி அழகானது என்று சொல்ல மாட்டேன். கொள்கலன் லொறிகளும் முந்தியோடும் தனியார் பஸ்களும் உண்டு. ஐந்து மணிக்கே புறப்படச் சொல்வது அதனால்தான். கொழும்புக் குழாய்களுக்குத் தண்ணீர் அனுப்பும் அம்பத்தலை சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிய பிறகே காற்றில் ஈரம் தெரியும். கடுவலைக்கு வரும்போது ஆறு இடப்புறம் வந்து நிற்கும்.

கடுவலைப் பாலத்தால் வடகரைக்குக் கடந்து, பியகமைப் பக்கமாக மல்வானைக்குப் போகலாம். போர்த்துக்கேயத் தளபதிகள் தங்கி ஆண்ட ஊர் அது. இன்று றம்புட்டானுக்குப் பேர் பெற்றது. ஆண்டின் நடுப்பகுதியில் போனால் வீட்டு வாசல்களிலேயே குவித்து வைத்து விற்பார்கள். அங்கிருந்து புகொடைப் பக்கமாகப் போய் ஹங்வெல்ல பாலத்தால் மீண்டும் தென்கரைக்கு வந்துவிடலாம். வாகனம் குறைவு, நிழல் அதிகம்.

தென்கரையிலேயே தொடர்பவர்கள் நவகமுவையில் இறங்காமல் போகக் கூடாது. அங்கே இருப்பது பத்தினித் தெய்வத்தின் கோயில். சிலப்பதிகாரம் பாடும் கண்ணகியைத்தான் சிங்கள மக்கள் பத்தினியாக வழிபடுகிறார்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகு அங்கிருந்தான் என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. அவன் கொண்டுவந்த சிலம்போடு நவகமுவையைச் சேர்த்துப் பேசுகிறது இந்தப் பக்கத்து மரபு. மட்டக்களப்பில் வைகாசியில் கண்ணகைக்குக் குளிர்த்தி பாடுகிறவர்களும் நவகமுவையில் பூத்தட்டு ஏந்தி நிற்கிறவர்களும் ஒரே பெண்ணைத்தான் கும்பிடுகிறார்கள். கொழும்பிலிருந்து சைக்கிளில் எட்டிவிடும் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருக்க, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறார்கள்?

ஹங்வெல்லவில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த மேட்டிலிருந்து ஆற்றின் வளைவு நன்றாகத் தெரியும். கண்டியின் கடைசி மன்னன், நாயக்க வம்சத்து ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், 1803இல் ஆங்கிலேயரிடம் தோற்றுத் திரும்பிய இடம் இது. கொழும்பிலிருந்து இதுவரை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்.

அடுத்தது அவிசாவளை, பழைய சீதாவாக்கை. மாயாதுன்னையும் அவன் மகன் முதலாம் இராஜசிங்கனும் பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட தலைநகர். ஊருக்கு வெளியே பெரெண்டி கோயில் என்ற கற்சிதிலம் இருக்கிறது. சைவத்துக்கு மாறிய இராஜசிங்கன் பைரவருக்காகத் தொடங்கிய கோயில் அது என்பார்கள். அதிட்டானத்தின் கல்வேலையைப் பார்த்தால் தென்னிந்தியச் சிற்பிகளின் கை தெரிகிறது.

அவிசாவளைக்குப் பிறகு ஹட்டன் போகும் ஏ7 வீதி. அதற்கு மேலேதான் என் மனம் நிற்கும் பகுதி: இரு பக்கமும் இறப்பர். 1876இல் பிரேசில் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக ஹெனரத்கொடைக்கு வந்தன. 1888இல் டன்லொப் நடைமுறைக்கு உதவும் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதை அவர் முதலில் பூட்டிப் பார்த்தது தம் மகனின் மூன்றுசக்கரச் சைக்கிளில். சைக்கிள் மோகம் உலகெங்கும் பரவ, பின்னால் மோட்டார் காரும் வர, இறப்பர் விலை ஏறியது. களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் மரங்களால் நிரம்பின. கொழும்பிலிருந்து யட்டியந்தோட்டை வரை குறும்பாதை ரயிலும் அதே காலத்தில் வந்தது. அவிசாவளைக்கு அப்பால் யட்டியந்தோட்டைக்குப் போன தண்டவாளத்தை 1942இல் கழற்றிவிட்டார்கள்.

அந்த மரங்களை நட்டவர்களும் பால் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மலையகத் தமிழர் என்றதும் எல்லோர் கண்ணிலும் தேயிலைக் கொழுந்துதான் வருகிறது. இறப்பர் தோட்டத்து லயங்களில் இருப்பவர்களைப் பத்திரிகைகள்கூட மறந்துவிடுகின்றன. வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும். அதனால் விடியுமுன்பே கத்தியோடு மரத்தடிக்குப் போக வேண்டும். சரிவாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பாலை ஏந்தி, வாளியில் சேர்த்து, தோட்டத்து ஆலைக்குச் சுமக்க வேண்டும். வெட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலையும் விடக் கூடாது. மழை பெய்தால் வெட்டு இல்லை, நாள்சம்பளம் கேள்விக்குறி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களையும்தான் நாடற்றவர்கள் ஆக்கியது. காரில் போகிறவருக்கு இந்த மனிதர்கள் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுவார்கள். சைக்கிளில் போகிறவர் தோட்டத்துச் சந்திக் கடையில் பிளேன்டீ குடிக்க நிற்பார். “எங்கயிருந்து வாறீங்க தம்பி?” என்று யாராவது கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும். இந்த வழியை நான் இவ்வளவு வற்புறுத்துவது அந்தப் பேச்சுக்காகத்தான்.

கரவனெல்ல, யட்டியந்தோட்டை தாண்டி ஆறு இறுகி, பாறை தலைகாட்டும். கித்துல்கலவில் நீர் இரைந்து ஓடும். 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் இங்கேதான் கட்டி உடைக்கப்பட்டது.

பாரிஸில் இருக்கும் நம் உறவுகள் கோடை விடுமுறைக்கு லுவார் ஆற்றோரம் சைக்கிள் மிதிக்கப் போன படங்களை அனுப்புகிறார்கள். நெவேர் அருகே தொடங்கி அத்திலாந்திக் கடல் வரை சுமார் 900 கிலோமீற்றர் நீளும் வழி அது. அதில் எனக்குப் பிடித்தது கோட்டைகள் அல்ல. வெள்ளத்தைத் தடுக்க முன்னோர் போட்ட மண் அணைக்கட்டுகள் மேலேயே பல இடங்களில் சைக்கிளை விட்டிருக்கிறார்கள். களனியின் கீழ்ப்பகுதியிலும் வெள்ள அணைக்கட்டு இருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் மூழ்கியபோது அதன் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது, பிறகு மறந்தோம். அதன் மேலே நடைக்கும் சைக்கிளுக்கும் ஒரு பாதை, கடுவலை முதல் ஹங்வெல்ல வரை வீதியோரத்தில் ஒரு மீற்றர் அகலம், சந்திகளில் மூன்று மொழியில் வழிப்பலகை. இவ்வளவும் கிடைத்தால் போதும். மக்கள் தினமும் நடந்து காக்கும் அணைக்கட்டில் குப்பையும் அத்துமீறலும் குறையும் என்றும் நம்புகிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. சித்திரை தொடங்கினால் பின்னேரம் இடிமழை; அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று, வீதியே ஆறாகும். புதிதாகத் தொடங்குபவர் ஹங்வெல்ல வரை போய்த் திரும்பினால் ஒரு காலைப்பொழுதுக்கு அளவாக இருக்கும். கித்துல்கல கொழும்பிலிருந்து தொண்ணூறு கிலோமீற்றருக்குக் குறையாது. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அவிசாவளையில் இரவு தங்கலாம். மேலதிக ரியூப் ஒன்று, கைப்பம்பு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். கித்துல்கலவுக்கு மேலே கினிகத்தேனைக்கு ஏறும் வீதி செங்குத்து. பழக்கமில்லாதவர்கள் அங்கே முயல வேண்டாம்.